ஆறுக்கு அப்புறம் எட்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காதுகள் மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டு வருகின்றன. போனில் நீ பேசினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கிறது, அதனால்தான் பழையபடி காகிதம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளாவேளைக்கு விழுங்குகிறாயா, இல்லை அலமாரிக்கு ஊட்டுகிறாயா?

உனக்கான அறை தயார். என் புத்தகங்களையெல்லாம் கூடத்துக்கு விரட்டிவிட்டேன். சுவருக்கு வெளிர்நீலம் அடித்தாயிற்று. கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். எதிரே மரப்பட்டறை, பகல் முழுக்க ரம்பச் சத்தம் என்கிறார்கள். எனக்குக் கேட்காது, நீதான் பாவம்.

அத்தான் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. புது வருஷம் பிறந்ததும் வந்துவிடுகிறேன் என்று நீதானே சொன்னாய்? இந்த வயதில் நீ அங்கே தனியாக, நான் இங்கே தனியாக, இரண்டு வீட்டிலும் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ரயில் ஏறு. எந்த ரயில் என்று எழுது, ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

பள்ளிக்கூடங்களில் என் வித்தை வகுப்பு நன்றாகப் போகிறது. ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் கரண்டியை வளைத்துக் காட்டி, வளைத்த விதத்தையும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மந்திரம், குறி, ஆவி எல்லாவற்றையும் தோலுரித்துத் தொங்கவிடுகிறேன்.

பதிலை எதிர்பார்த்து,
சின்னவன்


ஜனவரி 27

சின்னவனுக்கு அக்காவின் ஆசிகள்.

கடிதம் வந்தது. என் முழங்கால் மழை வருவதை முதல்நாளே சொல்லிவிடுகிறது, ரேடியோவுக்கு அது தேவலை. மற்றபடி சௌக்கியம். காதுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார். நீ பார்க்க மாட்டாய், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

வெளிர்நீலம் எனக்குப் பிடிக்கும் என்று ஞாபகம் வைத்திருக்கிறாயே! ஆனால் இப்போது வர முடியாது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

நம் தெருக்கோடியில் தையற்கடை இருக்கிறதல்லவா? அதன் மாடியில் ஒரு அம்மா இறந்தவர்களோடு பேசுகிறாராம். மாடியம்மா என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் துணைக்குக் கூப்பிட்டாள், போனேன். முதலில் கீழே கடையில் உட்கார்ந்திருந்தோம். தையல்காரர் அந்த அம்மாவின் கணவர்தான், நல்ல பேச்சுக்காரர். பிறகு மேலே சின்ன அறை. இரண்டு நாற்காலி, கனத்த பச்சைத் திரை. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, என் வலது கையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். தையல்காரர் தண்ணீர்த் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தார், ஒரு நொடி நின்று அதைத் தட்டால் மூடினார், கொஞ்சம் பொறுத்துத் திரையை இழுத்துவிட்டு இறங்கிப் போனார்.

"வீட்டுக்காரர் வந்திருக்கார். கையைக் கழுவிக் கழுவித் தொடைக்கிறார், கறை போகமாட்டேங்குது. ஏதோ சொல்ல நெனச்சு சொல்லாமப் போயிட்டாராம்" என்றார் அந்த அம்மா.

பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த உன் அத்தானின் கையைப் பற்றி இந்தத் தெருவில் என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? மறுபடியும் போகப்போகிறேன். கொஞ்ச நாள் இங்கே இருந்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நலம். நீ நலமாயிருக்கிறாயா என்று உன் முழங்காலை அல்ல, தலையைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது.

அக்கா, நீயா? அப்பாவின் வித்தை மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆயிரம் பேரை வாய்பிளக்க வைத்தவள் நீ. உன் காதிலேயே ஒருத்தி பூச்சுற்றுகிறாளா?

எடுத்துக்கொள். தையல்காரர் நல்ல பேச்சுக்காரர் என்று நீயே எழுதியிருக்கிறாய். "அளவு எடுக்கணுமா, வெறுமனே உட்கார்ந்திருக்கீங்களா, உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பார்த்தார்" என்று கேட்டிருப்பார். நீ சொன்னது உனக்கே ஞாபகம் இருக்காது. சின்ன வயதில் நான் டிக்கெட் வரிசையில் நின்று ஊர்ப்பேச்சை ஒட்டுக்கேட்டு அப்பாவிடம் ஒப்பித்தேனே, அதே வேலைதான். அப்புறம், சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் போய்விட்டாராம்! சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் செத்த ஒரு ஆளைக் காட்டு பார்க்கலாம். யாருக்குத் தைத்தாலும் பொருந்துகிற சட்டை அது. நீ சொல்வதைப் போட்டு வாங்குகிறாள், அவ்வளவுதான். பத்து சொல்லியிருப்பாள். எட்டு தப்பு, இரண்டு சரி. நீ எழுதியது அந்த இரண்டை மட்டும்.

நம் அப்பாவும் இந்த வர்க்கம்தான். என் வகுப்பை நான் எப்படித் தொடங்குகிறேன் தெரியுமா? "பிள்ளைகளே, என் அப்பா ஒரு ஏமாற்றுக்காரர்" என்று. உடனே அறை அமைதியாகிவிடும்.

அந்த மாடிப்படியை இனி மிதிக்காதே. ரயில் நேரம் இதோடு வைத்திருக்கிறேன்.

சின்னவன்


பிப்ரவரி 20

சின்னவனுக்கு ஆசிகள்.

இங்கே எல்லாம் வழக்கம்போல். உனக்கு இருமல் எதுவும் இல்லையே? அந்த மரப்பட்டறைத் தூசு வீட்டுக்குள் வருகிறதா?

நீ சொன்னது சரி, பத்தில் எட்டு தப்பு. ஏதோ ஆற்றங்கரை என்றாள், உன் அத்தான் குளியலறைத் தொட்டியைத் தாண்டித் தண்ணீரைப் பார்த்ததில்லை. "உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க" என்றாள். என்னைவிடப் பெரியவர்களுக்கு நான் எங்கே போவேன்? சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அப்பாவை அந்த வர்க்கம் என்று சொல்லாதே. நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொரு நாளும் விளக்கைப் போடச் சொல்லிவிட்டு அவர் சொன்னதை மறந்துவிட்டாயா? "பார்த்தது எல்லாம் வித்தை. வித்தை இல்லைன்னு எவனாவது சொன்னா அவனை நம்பாதீங்க." செத்துப்போன குழந்தையின் சட்டையை ஒரு தாய் நீட்டியபோது அவர் அதை மடித்து அவள் கையிலேயே வைத்துவிட்டு, "இதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்று சொன்னதை நான் கண்கட்டுக்குள்ளிருந்து கேட்டிருக்கிறேன். செத்தவர்களைத் தொடாதே என்பது நம் வீட்டுச் சட்டம்.

இந்த நாட்களில் அதெல்லாம் அடிக்கடி ஞாபகம் வருகிறது. கண்கட்டுத் துணியின் சலவை வாசனை. மக்களுக்கு நடுவே லாடம் அடித்த அப்பாவின் பூட்ஸ் நடந்து நடந்து ஒரு இடத்தில் நிற்கும். நின்றதும் நான் மனசுக்குள் எண்ணத் தொடங்க வேண்டும். அவர் தொண்டையைச் செருமினால் நிறுத்த வேண்டும். நின்ற எண்தான் அவர் கையில் வாங்கிய பொருள். ஒன்று கடிகாரம், இரண்டு மோதிரம், மூன்று மூக்குக்கண்ணாடி. "எல்லாரும் நம்ம வார்த்தையில தேடுவாங்க. நாம வார்த்தைக்கு நடுவுல இருக்கிற சும்மாவை வெச்சுப் பிழைக்கிறோம்" என்பார். இரண்டு பேரும் ஒரே நடையில் எண்ணுவதற்காக உள்ளங்கையைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்திச் சொல்லிக்கொடுப்பார். முதல் இரண்டும் சாவகாசமாக, மூன்றிலிருந்து படியிறங்குகிற மாதிரி. எந்தக் கடிகாரமும் அப்படி ஓடாது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. ராசி, நேரம் எதையும் பார்க்காத மனுஷன், திடீரென்று ஒரு நாள் "இனிமே ஏழு கிடையாது, ஆறுக்கு அப்புறம் எட்டுன்னு எண்ணு" என்று சொல்லிவிட்டாரே, ஏன்? கேட்டதற்கு, "ஏழு நமக்கு ராசியில்ல" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையா என்று அப்போதே ஆச்சரியமாக இருந்தது. உனக்கு ஏதாவது தெரியுமா?

மாடியம்மாவிடம் இன்னும் இரண்டு தடவை போனேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

நலமே. இருமல் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது.

ஆற்றங்கரை தப்பு என்று தெரிந்தும் போகிறாய் என்றால் என்ன அர்த்தம்? வித்தை தெரிந்தவர்கள்தான் சுலபமாக ஏமாறுவார்கள். "நமக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்கிற திமிர் ஒன்று உண்டு, அதில்தான் தூண்டிலைப் போடுவார்கள். அடுத்த தடவை "நீங்க வெளிய தைரியசாலி, உள்ள யாருக்கும் தெரியாம அழுவீங்க" என்பாள். அதற்கு அடுத்த தடவை "வீட்டை விட்டுப் போகவேணாம்னு வீட்டுக்காரர் சொல்றார்" என்பாள். சொல்லியிருப்பாள், நீ எனக்கு எழுதவில்லை. இல்லாவிட்டால் ஏன் வராமல் இருக்கிறாய்?

அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அவர் ஊருக்குச் சொன்ன நல்ல வார்த்தைகள் எனக்கும் ஞாபகம் இருக்கின்றன. நம்மிடம் கடைசியாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "நீங்க ஏறுங்க, நான் சாமான் பெட்டியோட அடுத்த ரயில்ல வரேன்." நீ இப்போது இருக்கிற அந்த வீட்டை அம்மா சாகும்வரை மாற்றவில்லை, வந்தால் அவருக்கு வழி தெரிய வேண்டுமாம். அடுத்த ரயில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஏமாற்றுக்காரர் என்று சொல்லாமல் வேறு என்ன பட்டம் கொடுக்கச் சொல்கிறாய்?

அடுத்த மாதம் பள்ளிகளுக்குப் பரீட்சை, எனக்கு வகுப்பு இல்லை. நானே வந்து மாடியம்மாவின் திரையை இழுத்துத் தெருவுக்கே காட்டிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

சின்னவன்


மார்ச் 19

சின்னவனுக்கு ஆசிகள்.

வராதே. உன்மேல் சத்தியமாகக் கேட்டுக்கொள்கிறேன், இப்போது வராதே. மேலே எழுதுவதைப் படித்தால் ஏன் என்று புரியும்.

நான் உன் அத்தானுக்காக அங்கே போகவில்லை. முதல் தடவை நர்ஸுக்காகப் போனேன். அவர் என்னோடு முப்பது வருஷம் பேசினார், சொல்ல வேண்டியதைச் சண்டை போட்டே சொல்லிவிட்டார், எங்களுக்குள் பாக்கி ஒன்றும் இல்லை.

தம்ளரை வைத்ததற்கும் மூடியதற்கும் நடுவே ஒரு இடைவெளி, மூடியதற்கும் திரையை இழுத்ததற்கும் நடுவே இன்னொன்று என்று உனக்கு எழுதினேனே, நீ அதைக் கவனிக்கவே இல்லை. வார்த்தைகளைத்தான் பிடித்துக்கொண்டாய். தையல்காரர் ஒட்டுக்கேட்டது உண்மை. அதை மேலே கொண்டு சேர்த்தது அந்த இடைவெளிகள்தான். முதலாவது குட்டி, அதில் கணவன். இரண்டாவது நீளம், அதில் தொழில். அவள் என் கையைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் அவளுடைய கட்டைவிரல் என் உள்ளங்கையில் அசைந்தது.

முதல் இரண்டும் சாவகாசமாக. மூன்றிலிருந்து படியிறங்குகிற மாதிரி.

சின்னவனே, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் உன் அத்தானைப் பற்றி என்னென்னவோ அள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள், நான் ஒன்றையும் கேட்கவில்லை. அந்தக் கட்டைவிரலுக்காகத்தான் மறுபடி மறுபடி போனேன்.

இதை முதலிலேயே எழுதாததற்குக் காரணம், அப்பா பேச்சை எடுத்தால் நீ கடிதத்தை மடித்துவைத்துவிடுவாய். நான் கேட்ட ஏழாம் நம்பர் விஷயத்துக்குக்கூடப் பதில் எழுதவில்லை பார்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். கோபமில்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

அப்பா ஒருவரே அந்த வித்தையைச் செய்யவில்லை. எண்ணிச் செய்தி சொல்கிற ஜோடிகள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். படியிறங்குகிற நடை என்கிறாய். நீ தேடிக்கொண்டே இருந்தது அது, கிடைத்த இடத்தில் கேட்டுவிட்டாய். இரவு முழுக்க விழித்திருப்பவனுக்கு ஒவ்வொரு சத்தமும் வாசல்கதவுச் சத்தம்தான். அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை.

ஆனால் சோதிக்காமல் நம்பாதே. இதை மட்டும் எனக்காகச் செய். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் விடாதே. மேடை என்று சொல்லாதே, எனக்கு ஒரு தம்பி என்று சொல்லாதே. தையல்காரரிடம் வானிலையைத் தவிர எதுவும் பேசாதே. அவள் எண்ணுவது உனக்குத் தெரியும் என்று மட்டும் காட்டு. பொருள் வரிசையை அவளே முழுக்கச் சொல்லட்டும். நடுவில் நீ தலையாட்டாதே, கண்ணை விரிக்காதே, "ஆமாம்" என்று முனகாதே. உன் முகத்தைப் படித்தே அவள் வரிசையைக் கட்டிவிடுவாள். பொய் சொல்வதைத் தொழிலாக வைத்திருக்கிறவள் அவள். நல்ல செய்தி சொன்னால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படு.

உண்மையாக இருக்குமோ என்று எனக்கும் ஒரு நப்பாசை வருகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அறை அப்படியே இருக்கிறது.

சின்னவன்


ஏப்ரல் 30

என் சின்னவனுக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி.

நீ சொன்னபடியே செய்தேன். வழக்கம்போல அவள் என் கையைப் பிடித்தாள். நான் கையைப் புரட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என் கட்டைவிரலால் அவள் உள்ளங்கையில் எண்ணினேன், அப்பா எண்ணுகிற மாதிரி.

கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மாடியம்மாவுக்குரிய அந்த இழுவைக் குரல் எங்கேயோ போய்விட்டது. சின்னப் பெண் மாதிரி, "பெரியவளா நீங்க?" என்று கேட்டாள்.

நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். உன் பேச்சை மீறவில்லை. "அதெல்லாம் அப்புறம், வரிசையைச் சொல்லு" என்றேன். சொன்னாள். கடிகாரம், மோதிரம், மூக்குக்கண்ணாடி, சாவி, கைக்குட்டை, தீப்பெட்டி. அப்புறம் நிற்காமல், "எட்டு, சீப்பு" என்றாள். கடைசியில் பதினொன்று, பேனா. ஏழு எங்கே என்று கேட்டேன்.

"ஏழு கிடையாது. நானும் கேட்டிருக்கேன். எனக்கு ஏழு வரைக்கும் நல்லாவே எண்ண வரும், ஏன் விடணும்னு கேட்டேன். சின்னவனுக்கு அது வராதுன்னு சொன்னார். அதுக்குமேல எதுவும் சொல்லமாட்டார். சிரிச்சுக்குவார்."

சின்னவனே, எனக்கு இது புரியவில்லை. ராசியில்லை என்றுதானே அவர் என்னிடம் சொன்னார்? இதை நான் எப்படி அவளிடம் உளறியிருக்க முடியும், எனக்கே தெரியாதே.

அவளுடைய அம்மா வைத்திருந்த விடுதியில் அப்பா கடைசி வரை தங்கியிருந்தார். அரங்குகள் மூடிவிட்டன, ஒரு பெரிய கடையில் லிஃப்ட் இயக்கினாராம். ஓய்ந்த நேரத்தில் அவளுக்குப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நம் பெயரைச் சொன்னதில்லை, பெரியவ, சின்னவன், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, கடை போட நினைத்தபோது வேறு ஊர் அவளுக்குத் தோன்றவே இல்லையாம். அந்த விடுதியின் பின்னறையில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா இறந்ததற்கு முந்தைய வருஷம். அம்மா ஒரு வருஷம் யாருக்காகவும் இல்லாமல் காத்திருந்திருக்கிறாள்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். "தெரியாதும்மா. அதைக் கேட்டா எழுந்து போயிடுவார்" என்றாள். எல்லோருக்கும் எல்லாப் பதிலும் கைவசம் வைத்திருக்கிறவள், இதற்குத் தெரியாது என்றாள். அவர் உங்களையே நினைத்து உருகினார் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் நானே எழுந்து வந்திருப்பேன்.

"செத்தவங்களைத் தொடாதேன்னு அவர் உன்கிட்ட சொல்லலையா?" என்றேன்.

"சொன்னார். அவர் போனப்புறம்தான் தொட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்ததும் இரண்டு பேரும் அழுதோம். என்ன செய்வதென்று தெரியாமல் தையல்காரர் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மா என்னிடம் கடைசியாகச் சொன்னதை உனக்கு நான் சொன்னதில்லை. "வீட்டைப் பூட்டிடாதே." அதனால்தான் உன் ரயில் நேரங்களையெல்லாம் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். இனி வாசலில் யாரும் வந்து நிற்கப்போவதில்லை. பூட்டலாம்.

ஏழுக்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


ஜூன் 16

சின்னவனுக்கு,

உடம்புக்கு என்ன? உன் கையெழுத்தைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் அடித்தேன், எடுத்தாய், என்னமோ சொன்னாய், வைத்துவிட்டாய். குரல் நன்றாகத்தான் இருந்தது.

இங்கே மாடியில் பச்சைத் திரையைக் கழற்றிவிட்டார்கள். அதை என்ன செய்வது என்று தையல்காரர் கேட்கிறார். இரண்டு தலையணை உறை தைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். வெளிர்நீலச் சுவருக்குப் பச்சை ஒத்துவருமா?

என்மேல் கோபமென்றால் கோபம் என்றாவது எழுது.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். உன்மேல் கோபமும் இல்லை. எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. நீ பயந்துபோயிருப்பாய், மன்னித்துவிடு.

ஏழைப் பற்றி என்று எழுத ஆரம்பித்தால் யாரோ வறியவரைப் பற்றி எழுதுகிற மாதிரி இருக்கிறது, போகட்டும், நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு ஒரு தடவை கடும் காய்ச்சல் வந்து விடுதி அறையில் படுத்திருந்தாய். அன்றைக்குக் கண்ணைக் கட்டி என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். அதுதான் எனக்கு முதல் தடவை. ஆறு வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் பேனாவை நீட்டினார். அப்போது பேனாதான் ஏழு. அப்பாவின் பூட்ஸ் நின்றது. நான் எண்ணினேன். எனக்கு அந்த வயதில் ஆறுக்கு அப்புறம் எப்போதும் எட்டுதான் வரும். செருமல் கேட்டதும் கணீரென்று "சீப்பு!" என்று கத்தினேன்.

அந்த மனிதருக்குச் சுத்த வழுக்கை. அரங்கமே கவிழ்ந்து விழுந்து சிரித்தது. கண்கட்டுக்குள் நான் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் குரல் மட்டும் எல்லாச் சிரிப்புக்கும் மேலே வந்தது. "பையன் ஐயாவோட கையைப் பார்க்கலீங்க, மனசுல இருக்கிற ஆசையைப் பார்த்துட்டான்!" கைதட்டல் அடங்கவே இல்லை. அந்த வழுக்கை மனிதர்தான் கடைசிவரை தட்டினாராம்.

திரைக்குப் பின்னால் வந்ததும் அழுதேன். அப்பா என்னைப் பெட்டிமேல் உட்கார வைத்து, "உனக்கு ஏழு வராது, அவ்வளவுதானே? ஏழு இல்லாம எண்ணுவோம். உலகம் இடிஞ்சு விழாது. பெரியவகிட்ட சொல்லாதே, கிண்டல் பண்ணியே உன்னைக் கொன்னுடுவா" என்றார். மறுநாளே பேனாவைப் பதினொன்றுக்குத் தள்ளிவிட்டார். அந்த அரங்கத்தில் நடந்ததன் காரணம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ பிப்ரவரியில் கேட்டபோது அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போட்ட முடிச்சு அது, அவிழ்க்க மனசு வரவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினேன் அக்கா. இரண்டு மாதமாகத் தேடினேன். ஒட்டுக்கேட்டிருக்க முடியாது, போட்டு வாங்கியிருக்க முடியாது, உன் முகத்திலும் படித்திருக்க முடியாது. என் தொழிலில் தெரிந்த எல்லா வழியையும் அடைத்துப் பார்த்துவிட்டேன். நன்றாக எண்ணத் தெரிந்த ஒரு ஊரார் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுகூட, எனக்காக அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்திருக்கிறார்.

வராமல் போனதற்கு நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. அது வேறு கணக்கு. ஆனால் சென்ற வாரம் வகுப்பில் வழக்கமான முதல் வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "பிள்ளைகளே, என் அப்பா ஒரு வித்தைக்காரர்" என்று தொடங்கினேன். எண்ணிக்கை வித்தையைச் சத்தமாக எண்ணிக் காட்டினேன். முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், ஏழு எங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. "அது எனக்கு வராதும்மா" என்றேன்.

பச்சை உறை வெளிர்நீலத்துக்கு ஒத்துவரும். இந்த வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன், திரும்பும்போது இரண்டு பேராகத் திரும்புவோம். வீட்டை நாம் சேர்ந்தே பூட்டலாம். அதற்கு முன் ஒரு தடவை அந்த மாடிக்குப் போக வேண்டும். யாரையும் தோலுரிக்க இல்லை. ஒரு துணியால் என் கண்ணைக் கட்டிவிட்டு, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வரை எண்ணட்டும். சீப்பு என்று நான் சரியாகச் சொல்கிறேனா என்று நீ பார்த்துச் சொல்.

என் காதுதான் உனக்குத் தெரியுமே. தம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொல்லித் தையல்காரரிடம் சொல்லிவை.

சின்னவன்